கம்யூனிட்டி காலேஜ் என்று சத்தமாகவே சொல்லலாம்: பே ஏரியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பே ஏரியா தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் வந்துவிட்டது, இனி இரண்டு மூன்று வாரத்துக்கு நம் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சு இருக்காது. யூ.சி. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முடிவுகள் ஒவ்வொரு வளாகமாக வரும். சிலர் பிள்ளையின் படத்தைப் பலூனோடு போடுவார்கள், கீழே நாற்பது பேர் வாழ்த்துவார்கள். அந்த நாற்பது பேரில் சிலர், கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். இந்த மடல் ஃபோனைக் கவிழ்த்து வைப்பவர்களுக்கு, கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட அரசுக் கல்லூரியைப் பற்றி. 2022 மார்ச்சில் நானும் அப்படிக் கவிழ்த்து வைத்தவன்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் மகள் விண்ணப்பித்த யூ.சி. வளாகங்களில் ஒன்றில் வெயிட்லிஸ்ட், மற்றவற்றில் இல்லை. வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டது, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எண்பதாயிரம் டாலர் பக்கம் வரும். வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கினால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நான் எக்செல் ஷீட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் ஒரு ராத்திரி, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்பா, நான் பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்துக்கறேன், ரெண்டு வருஷம் கழிச்சு டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்" என்றாள். நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை. குழாயை மூடு, தண்ணி வீணாப் போகுது என்றேன்.

அடுத்து சித்திரைப் பாட்லக் வந்தது. ஒவ்வொரு வருடமும் நாம் கூடுவோமே, அதே பூங்காதான். புளியோதரை வாங்க வரிசையில் நிற்கும்போது ஒரு நண்பர் கேட்டார், பொண்ணு எங்க போறா என்று. "ஒரு வருஷம் கேப் எடுத்துக்கறா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் காகிதத் தட்டோடு நிற்கிறாள். வீட்டுக்குப் போகும்போது 880 நெடுஞ்சாலையில் மில்பிடாஸ் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அப்புறம் பின் சீட்டிலிருந்து, "நான் கேப் எடுக்கலையேப்பா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. நான்கு வருடம் ஆகிறது, மில்பிடாஸ் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது.

சரி, என் கதை கிடக்கட்டும். நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிற ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுக்கிறார்கள்? டி ஆன்சாவில் கால்குலஸ், ஃபுட்ஹில்லில் சி பிளஸ் பிளஸ், ஓலோனியில் சைக்காலஜி. பள்ளி மாணவர்களுக்கு அங்கே பாடக் கட்டணம் கிடையாது, யூ.சி.க்கு மாற்றத்தக்க பாடமாக இருந்தால் ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு) கணக்கில் கூடுதல் புள்ளியும் கிடைக்கிறது. பதிவு தொடங்கும் நாளில் காலை ஏழு மணிக்கே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெற்றோர்கள் நம்மிடையே நிறையப் பேர், நானும் ஒருவன். அந்த வகுப்பு, அந்த ஆசிரியர், அந்தக் கரும்பலகை எல்லாம் பதினாறு வயதில் பெருமை, குழுவில் போட்டு "எந்த புரொஃபசர் நல்லா எடுக்கறார்" என்று கேட்போம். அதே பிள்ளை பதினெட்டு வயதில் அதே வகுப்பில் முழுநேரமாக உட்கார்ந்தால் அவமானம். இது எனக்கு இப்போது யோசித்தாலும் புரியவில்லை. அப்போது எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

எனக்கு அவமானமாக இருந்ததுதான் இன்னும் கேவலம், ஏனென்றால் நானே அப்படி வந்தவன். கோயம்புத்தூரில் பத்தாவது முடித்ததும் அப்பா பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். மில் வேலை, மூன்று பிள்ளைகள், எவன் சீக்கிரம் சம்பாதிப்பான் என்பதுதான் கணக்கு. மூன்று வருடம் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். வகுப்பில் எங்களுக்குப் பெயர் "லேட்டரல்". "டேய் லேட்டரல், அந்த டிராயிங்கைக் குடுடா" என்று கேட்பான்கள், ஏனென்றால் டிராயிங்கும் லேத்தும் எங்களுக்குத்தான் வரும், கணக்கில் மட்டும் முதல் ஆறு மாதம் திணறினோம். நான்காம் ஆண்டு முடிவில் யார் லேட்டரல், யார் முதல் வருடமே வந்தவன் என்று கம்பெனிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் என் லிங்க்டின் பக்கத்தில் பி.இ. மட்டும்தான் போட்டிருந்தேன். டிப்ளமா இல்லை. கலிஃபோர்னியாவில் அதைப் பார்த்து யார் என்ன நினைக்கப் போகிறார்கள்? ஆனாலும் போடவில்லை. நம்மில் லேட்டரலாக வந்தவர்கள் நான் ஒருவன் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்தே இந்தக் குழுவில் நான்கு பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இங்கே விஷயம் இன்னும் தெளிவு. கலிஃபோர்னியாவில் இந்த ஏற்பாடு யாரோ இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகப் பரிதாபப்பட்டுப் பின்னால் ஒட்டவைத்தது இல்லை. ஃப்ரெஸ்னோவில் 1910இலேயே முதல் ஜூனியர் காலேஜ் தொடங்கிவிட்டது. 1960இல் கிளார்க் கெர் யூ.சி. தலைவராக இருந்தபோது மாஸ்டர் பிளான் என்று ஒன்று போட்டார்கள். பள்ளி முடிப்பவர்களில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., மேல்மட்ட மூன்றில் ஒரு பங்குக்குக் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்), படிக்க விரும்பும் மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கே நன்றாகப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மேலே ஏறிக்கொள்ளலாம். அந்த ஏணியைக் கட்டும்போதே சேர்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு 116 கல்லூரிகள் இருக்கின்றன. கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்குபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர்கள். யூ.சி.யில் நான்கில் ஒருவருக்கும் மேல். இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பது யூ.சி.யின் இலக்கு, அதிலும் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. யூ.சி.எல்.ஏ.வுக்குப் பள்ளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, டிரான்ஸ்ஃபரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. இரண்டு கூட்டமும் ஒன்றில்லை, பாடப்பிரிவுக்குப் பிரிவு நிலவரம் மாறும், அதனால் இதை வைத்துக் கனவு காண வேண்டாம். ஆனால் எந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் இல்லையா?

டிரான்ஸ்ஃபருக்குப் போடும்போது யூ.சி. பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வும் கிடையாது. கல்லூரியில் எடுத்த பாடங்களும் அங்கே வாங்கிய கிரேடும்தான் முக்கியமான கணக்கு. பதினொன்றாவதில் ஒரு வருடம் உடம்பு சரியில்லாமலோ மனசு சரியில்லாமலோ கோட்டைவிட்ட பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

பிரபலங்களை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் இரண்டு பேர் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் வாஸ்னியாக் டி ஆன்சாவில் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போனவர். டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் இருக்கும் சாபோ காலேஜில் படித்துவிட்டு சாக்ரமென்டோ ஸ்டேட்டுக்குப் போனவர். நீங்கள் ஐஃபோன் வைத்திருக்கிறீர்கள், ஃபாரஸ்ட் கம்ப் பார்த்திருக்கிறீர்கள். போதும்.

பணத்தைப் பற்றி நாம் பேசாமல் இருக்க மாட்டோம், பேசிவிடலாம். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 2012இலிருந்து இதே தொகைதான், பெட்ரோலும் பாலும் ஏறினாலும் இது ஏறவில்லை. வருடத்தைக் காலாண்டுகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில்லில் யூனிட்டுக்கு 31. மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், பெருக்கிப் பாருங்கள், 2,760 டாலர். இரண்டு வருடத்துக்கு. முதல்முறையாக முழுநேரம் சேரும் மாணவருக்கு அந்தத் தொகையையும் பல கல்லூரிகள் முதல் இரண்டு வருடம் தள்ளுபடி செய்துவிடுகின்றன, பெற்றோரின் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். எங்களுக்குச் செலவானது புத்தகம், சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், அவள் ஓட்டிய என் பழைய கொரோலாவுக்கு பிரேக் பேட். அந்தப் பக்கம் யூ.சி.யில் வளாகத்திலேயே தங்கிப் படித்தால் உள்ளூர்க்காரர்களுக்கே வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல். கடைசியில் கையில் கிடைக்கும் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும், முதல் இரண்டு வருடம் எங்கே உட்கார்ந்தாள் என்று அதில் அச்சடிப்பதில்லை.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது, பிள்ளை பகுதிநேர வேலை பார்க்கவும் முடியாது, இருபத்தொரு வயதாகும்போது விசாவே மாற்றியாக வேண்டும். ஆனால் ஹெச்-4 பிள்ளை விதிப்படி கலிஃபோர்னியாவாசி என்று நிரூபித்துவிட்டால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். பச்சை அட்டை வரிசை எப்போது நகரும் என்று தெரியாத வீட்டில், முதல் இரண்டு வருடச் செலவை இவ்வளவு குறைத்து வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய மூச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் என்னாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

இப்போது படிப்பு. "தரம் எப்படி இருக்கும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள். பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் பாடத்தில் ஒரே செமஸ்டரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள், சந்தேகம் கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு மூன்று வயது மூத்த மாணவரிடம்தான் போக வேண்டியிருக்கும். என் மகளின் கால்குலஸ் வகுப்பில் முப்பத்தைந்து பேர். ஆசிரியருக்கு ஆராய்ச்சி, அதற்கு நிதி தேடுவது என்ற தலைவலி கிடையாது, அவர் வேலை சொல்லித்தருவது. இரண்டாவது தேர்வில் இவள் சொதப்பியபோது அவரே கூப்பிட்டு, மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் அலுவல் நேரத்துக்கு வரச்சொன்னார். தொடர்களில் எது குவியும், எது விரியும் என்பதை ஒரு வெள்ளைப் பலகை முழுக்க ஒரு மணி நேரம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தப் பலகையை இவள் ஃபோனில் எடுத்து வைத்திருக்கிறாள், இன்னும் அழிக்கவில்லை.

அங்கே கூடப் படித்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வயது, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி பயம். இங்கே இவளுடைய இயற்பியல் லேப் பார்ட்னர் முப்பது தாண்டியவர், தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக எட்டு மணி லேபுக்கு வருவார். கண் சிவந்திருக்கும், கையில் பெரிய டம்ளர் காபி. அவருக்கு சமன்பாடு மெதுவாகத்தான் வரும், ஆனால் ஸ்பிரிங், கப்பி, எடை எதைக் கொடுத்தாலும் நிமிடத்தில் பொருத்திவிடுவார். இவள் எழுத, அவர் பொருத்த. "அவர் ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லப்பா" என்று ஒருமுறை சொன்னாள். நான் டிப்ளமா படித்தபோது லேத் பிடித்துக்கொடுத்த ஒரு அண்ணன் ஞாபகம் வந்தது.

இனி கசப்பான பாகம், ஏனென்றால் எல்லாம் இனிப்பு என்று எழுதினால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். முதல் செமஸ்டரில் ஒரு ஆலோசகர் பதினைந்து நிமிடம் இவள் கோப்பைப் புரட்டிவிட்டு ஒரு இயற்பியல் பாடத்தை எழுதிக்கொடுத்தார். இவளும் எடுத்தாள், ஏ வாங்கினாள், நாங்களும் மகிழ்ந்தோம். டிசம்பர் விடுமுறையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அசிஸ்ட் என்ற இணையதளத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது கால்குலஸ் இல்லாத இயற்பியல். உயிரியல் பக்கம் போகிறவர்களுக்குப் பொருந்தலாம், சிவில் என்ஜினியரிங் படிக்கப் போகிறவளுக்குப் பைசா பிரயோஜனமில்லை. கால்குலஸோடு வரும் இயற்பியல் மூன்று செமஸ்டர் தொடர், இனி ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வரிசையாக எடுத்தால்தான் இரண்டு வருடத்தில் முடியும். என் மனைவி காலண்டரை எடுத்துவந்து மேசையில் விரித்து விரல்விட்டு எண்ணினாள். மூன்று செமஸ்டர்தான் மிச்சம். சரியாக மூன்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் இன்னொரு வருடம் போயிருக்கும்.

அதனால் கைகூப்பிச் சொல்கிறேன், அந்த அசிஸ்ட் தளத்தை முதல் நாளே திறந்து பாருங்கள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் இருக்கிறது. வலது பக்கத்தில் நம் கல்லூரிப் பாடம், இடது பக்கத்தில் பல்கலைக்கழகப் பாடம், நடுவில் ஒரு அம்பு. "ஈடான பாடம் இல்லை" என்று சில இடத்தில் போட்டிருப்பார்கள், அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஆலோசகர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நம் பிள்ளையின் அட்டவணையை நம் பிள்ளைதான் கையில் வைத்திருக்க வேண்டும். பொதுப் பாடங்களுக்குப் பழைய ஐகெட்ஸி பட்டியல் போய் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால்-கெட்ஸி என்ற ஒரே பட்டியல் யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் சேர்த்து வந்திருக்கிறது. மூத்த பிள்ளைக்குச் செய்ததையே இளையவனுக்கும் செய்யாதீர்கள்.

அப்புறம் டேக் என்கிற சேர்க்கை உறுதி ஒப்பந்தம். இதைக் கேட்டு நான் நம்பவே இல்லை. டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், ரிவர்சைட், மெர்செட் என்று ஆறு யூ.சி. வளாகங்கள், சொன்ன பாடங்களைச் சொன்ன கிரேடோடு முடித்தால் இடம் உறுதி என்று எழுத்தில் தருகின்றன. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும், பொது விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றும் இதில் கிடையாது, அங்கே போட்டிதான். சில வளாகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ், என்ஜினியரிங் போன்ற பிரிவுகளுக்கு டேக் இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், "கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லைன்னா எதுக்கு" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கால் ஸ்டேட்டுக்கு வேறு வழி இருக்கிறது, டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள இரண்டு வருட அசோசியேட் பட்டம் வாங்கினால் அந்த அமைப்புக்குள் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். நீங்கள் கேட்ட வளாகமே என்று நிச்சயமில்லை.

என் மகள் டேவிஸைத் தேர்ந்தெடுத்தாள். நவம்பர் நடுவில் டேக் உறுதியாகிவிட்டது. அந்த நவம்பரில் உங்கள் வீடுகளில் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிவரை கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள், மார்ச் வரை உங்களுக்குத் தூக்கமில்லை. எங்கள் வீட்டில் மாவிளக்கு மட்டும்தான் போடவில்லை. பொது விண்ணப்பத்துக்கு அவளும் நான்கு கேள்விக்குப் பதில் எழுதினாள், அதில் ஒன்றை மட்டும் எனக்குக் காட்டவில்லை. எதைப் பற்றி என்று நான் கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்று கம்யூனிட்டி காலேஜில் சேருபவர்களில் பெரும்பாலோர் ஆவதில்லை. மாநிலத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2017 முதல் 2019 வரை அந்த நோக்கத்தோடு தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் நான்கு வருடத்துக்குள் மாறினார் என்று இருக்கிறது. இதைப் படித்ததும் "பார்த்தீர்களா" என்று எழுந்துவிடாதீர்கள். அந்த மற்ற நான்கு பேர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருபவர், கைக்குழந்தையோடு இரண்டு பாடம் மட்டும் எடுப்பவர், வாடகை ஏறியதால் ஸ்டாக்டனுக்குக் குடிபெயர்ந்தவர், வழிகாட்ட வீட்டில் ஆளில்லாமல் தவறான பாடத்தை எடுத்து அலைந்தவர். நம் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு அறை, ஒரு பழைய கார், மேசையில் காலண்டரை விரிக்க ஒரு அம்மா இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் நாம் அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறோம், படிக்கும் இடத்தைப் பற்றிய பெருமையை. வெட்கப்படும் பிள்ளை ஆலோசகரிடம் போகாது, வகுப்பில் சிநேகிதம் பிடிக்காது, "சும்மா ரெண்டு வருஷம் ஓட்டலாம்" என்று ஓட்டும். அப்படி ஓட்டித்தான் வழியில் நின்றுபோகிறார்கள். என் பொய் ஒரு பாட்லக்கோடு போகவில்லை. முதல் இரண்டு மாதம் அவள் காலேஜ் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட்கூட வாங்கவில்லை. பள்ளியில் மே 1ஆம் தேதி எல்லோரும் தாங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு போன நாளில் இவள் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே எழுதாத ஒன்றைப் போட்டுப் போனாள். அதையேதான் அங்கேயும் போட்டுத் திரிந்தாள்.

தனிமையும் உண்டு. ஆகஸ்டில் சிநேகிதிகள் எல்லோரும் விடுதிகளுக்குப் போய்விட்டார்கள், இன்ஸ்டாகிராமில் அறை அலங்காரப் படங்கள், இவள் அதே அறையில் அதே திரைச்சீலை. விடுதி வாழ்க்கையின் முதல் இரண்டு வருடம் போனது போனதுதான், அதை ஈடுகட்ட முடியாது. டேவிஸ் போன பிறகும் முதல் குவார்ட்டர் கஷ்டப்பட்டாள். பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிகிறது, மூன்றாவது வாரத்திலேயே தேர்வு, கிளப்புகளில் எல்லோரும் ஏற்கெனவே நண்பர்கள், இன்டர்ன்ஷிப் நேர்காணல் சேர்ந்த அடுத்த மாதமே தொடங்கிவிட்டது. நான் பி.இ. இரண்டாம் ஆண்டில் கணக்குப் பாடத்தில் திணறிய கதையை அப்போதுதான் அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். டிப்ளமா படித்த விஷயமே அவளுக்குத் தெரியாது! "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

வேறு மாநிலங்களில் இருக்கும் சொந்தங்களுக்கு இதை அனுப்புவீர்கள் என்று தெரியும். விதிகள் அங்கே வேறு. வர்ஜீனியாவில் இருப்பவர்கள் நோவா என்கிற நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜுக்கும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள அட்வான்ஸ் திட்டத்தைப் பாருங்கள். மற்ற மாநிலங்களில் நம் அசிஸ்ட் போல ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பாடத்துக்குப் பாடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு நகருங்கள்.

எல்லோரும் கம்யூனிட்டி காலேஜுக்குப் போங்கள் என்று நான் சொல்லவே இல்லை. விரும்பிய இடத்தில் விரும்பிய பாடம் கிடைத்து, கட்டவும் முடிந்தால், தாராளமாகப் போகட்டும், பலூனும் போடுங்கள், நானும் கைதட்டுகிறேன். நான் கேட்பது இந்த மாதக் கடைசியில் மூன்றே மூன்று விஷயம். தனியார் பல்கலைக்கழகத்துக்கு வீட்டை அடகு வைக்கும் எக்செல் ஷீட்டில் 2,760 என்று ஒரு வரியையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை தானே கம்யூனிட்டி காலேஜ் பேச்சை எடுத்தால் குழாயை மூடச் சொல்லாதீர்கள். யாராவது எங்கே போகிறாள் என்று கேட்டால், கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள். "இப்போதைக்கு", "டெம்பரரியா", "பாத்துட்டு" என்ற வால் எதுவும் வேண்டாம். கேட்பவர்களுக்கும் ஒன்று. பதில் வந்ததும் "ஓ..." என்று இழுக்காதீர்கள். அந்த இழுப்பை எல்லாப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுகின்றன.

என் லிங்க்டினில் போன வாரம் டிப்ளமாவைச் சேர்த்தேன். இரண்டு பேர் லைக் போட்டார்கள், ஒருவர் என் மனைவி.

மகள் வரும் ஜூனில் பட்டம் வாங்குகிறாள். சித்திரைப் பாட்லக்குக்கு டேவிஸிலிருந்து ரயில் பிடித்து சென்டர்வில் ஸ்டேஷனில் இறங்குகிறாள், நான் போய்க் கூட்டிவருவேன். இந்த வருடம் புளியோதரை எங்கள் முறை. வரிசையில் நிற்கும்போது எங்கே படித்தாள் என்று கேளுங்கள். அவளே சொல்கிறேன் என்றிருக்கிறாள், என்னைப் பக்கத்தில் சும்மா நிற்கச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு லேட்டரல்